முகத்தில் ஊசி போடுமுன் யோசிங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அழகு நிலையம் நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் படிச்சது பத்தாவது. தலைவி அக்கா போன மாதம் என் கடைக்கு வந்து, "விழாவில் நீ பேசணும். சாதனை பத்திப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நீ உன் தப்பைப் பத்திப் பேசு, அதுதான் எல்லாருக்கும் உபயோகப்படும்" என்றார்கள். ரெண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் என் நாத்தனார் மகளிடமே கேட்டேன். அவள், "பேர் மட்டும் சொல்லாதீங்க அத்தை, மத்ததை அப்படியே சொல்லுங்க" என்றாள். அந்த அனுமதியோடுதான் இங்கே நிற்கிறேன்.

என் கடை எப்படி வந்தது என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். பதினேழு வருஷத்துக்கு முன்னால் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஒரு கண்ணாடியும் ரெண்டு நாற்காலியும் போட்டு ஆரம்பித்தேன். புருவம் திருத்துவது, ஃபேஷியல், கல்யாணப் பெண் அலங்காரம். அந்தக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டினேன். அதுக்கப்புறம் வங்கிக் கடன் இணைப்பில் வந்த பணத்தில் ஏசி போட்டேன், உட்கார்ந்து தலை அலசும் நாற்காலி வாங்கினேன். என் மகனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது அந்தக் கடைதான்.

ஆசை வந்த கதை

நாலைந்து வருஷமாகக் கடைக்கு வருகிற பெண்கள் கேட்பது மாறிவிட்டது. முன்னே, "முகம் பளிச்சுனு இருக்கணும்" என்பார்கள். இப்போது போனை நீட்டி, "அக்கா, இந்த மாதிரி மூக்கு வேணும், இந்த மாதிரி உதடு வேணும்" என்கிறார்கள். போனில் இருப்பது யாரென்று பார்த்தால் அவர்களேதான்! ஃபில்டர் போட்டு எடுத்த அவர்கள் முகம். நம் முகத்தையே திருத்தி நமக்கே காட்டி, "இப்படி இல்லையே நீ" என்று ஏங்க வைக்கிற காலம் இது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சி விளம்பரம் போனில் வந்தது. "ஃபில்லர் பயிற்சி. ரெண்டே நாள். 35,000 ரூபாய். சான்றிதழ் உண்டு. டாக்டர் தேவையில்லை." ஒரு முகத்துக்கு 4,000, 5,000 வாங்கலாம், மாதத்துக்குப் பத்துப் பேர் வந்தாலே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அந்தக் கணக்குப் பிடித்துப் போயிற்று. 10,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். பயிற்சிக்கும் மருந்துக்கும் சேர்த்து 80,000 கடன் கேட்டுக் குழுவில் விண்ணப்பம் வைத்தேன்.

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் குழுவில் ஆடு வளர்க்கிற பெரியம்மா ஒருத்தர் இருக்கிறார். கைநாட்டுதான். அவர் மட்டும் கேட்டார்: "ஏத்தா, என் ஆட்டுக்கு ஊசி போடறதுக்கே கால்நடை டாக்டரு வராரு. மனுசி மூஞ்சில ரெண்டு நாளு படிச்சவ ஊசி போடலாமா? ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியம்மா, இது ஆட்டு ஊசி இல்ல. இது அழகு ஊசி. உங்களுக்குத் தெரியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

அந்த ஒரு ராத்திரி

என் நாத்தனார் மகளுக்கு 24 வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரம்மா ஒருவர், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா இருந்திருக்கலாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவருக்கு அது மறந்திருக்கும். இந்தப் பிள்ளைக்கு மறக்கவில்லை. என் கடைக்கு வந்து அழுதாள்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "போடி பைத்தியம், உன் மூக்கு உன் பாட்டி மூக்கு" என்று சொல்லியிருக்கணும். நான் சொன்னது வேறு. "கத்தி இல்ல, ரத்தம் இல்ல, அரை மணி நேர வேலை. நான் பயிற்சிக்குப் பணம் கட்டின இடத்துலயே போட்டுக்கலாம், சலுகை விலையில சொல்றேன்" என்றேன். நான்தான் அனுப்பினேன். இதை நான் இன்றைக்கு மறைத்தால் இந்த மேடையில் நிற்க எனக்குத் தகுதியில்லை.

மத்தியானம் நாலு மணி வாக்கில் மூக்குத் தண்டிலும், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்குகிற கோட்டிலும் ஊசி போட்டிருக்கிறார்கள். போட்டது டாக்டர் இல்லை. போடும்போதே மூக்கோரம் வெள்ளையாக வெளுத்திருக்கிறது. அவள் கண்ணாடியில் பார்த்துக் கேட்டிருக்கிறாள். "மரத்துப்போற மருந்து கலந்திருக்கு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் பண்ணினாள். "அத்தை, மூக்குக்கிட்ட விண்விண்ணுனு வலிக்குது. தொட்டா ஜில்லுனு இருக்கு." நான் சொன்னேன்: "வீக்கம்டா. ஐஸ் வை. விடிஞ்சா சரியாயிடும்."

அந்த ஒரு வார்த்தையால் ஒரு ராத்திரி முழுக்க வீணாயிற்று.

காலை அஞ்சு மணிக்கு போட்டோ அனுப்பினாள். மூக்கிலிருந்து மேலுதடு வரைக்கும் வலை விரித்த மாதிரி ஊதா நிறம். ஊசி போட்ட இடத்துக்குப் போன் பண்ணினால் எடுக்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் நம்பர் என்னிடம் இருந்தது. அந்தம்மாவை எழுப்பி விவரம் சொன்னேன். அவர் சொன்னார்: "அந்த இடத்தை விரலால அழுத்திட்டு விடுங்க. வெளுத்த இடத்துல நிறம் திரும்ப எத்தனை எண்ணிக்கை ஆகுதுன்னு பாருங்க." நாத்தனார் வீட்டில் பார்த்தார்கள். ஆறு, ஏழு எண்ணியும் வெள்ளையாகவே இருந்தது. "அங்க ரத்தம் போகல. ஒரு நிமிஷம்கூட உட்காராதீங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

கையில் பணமில்லை. ஊக்குநர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குழுச் சேமிப்பிலிருந்து அவசரக் கடனாக 5,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்கள். அதுக்குக் குறைந்தது மூன்று பேர் கையெழுத்து வேணும். மூன்றாவது கையெழுத்துக்குப் பதிலாக ரேகை வைத்தது யார் தெரியுமா? அந்த ஆட்டுக்காரப் பெரியம்மா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போத்தா, பிள்ளையப் பாரு" என்றார்.

எட்டரை மணிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டரம்மா பார்த்தார்கள். முதல் கேள்வி: "கண்ணு நல்லாத் தெரியுதா?" தெரிந்தது. ரெண்டாவது கேள்வி: "என்ன மருந்து போட்டாங்க? பெட்டி இருக்கா?" எங்களிடம் ஒரு சீட்டுகூட இல்லை. நல்லவேளை, இந்தப் பிள்ளை ஸ்டேட்டஸ் போடுவதற்காக ஊசி மருந்துப் பெட்டியைக் கையில் வைத்து ஒரு போட்டோ எடுத்திருந்தாள். அதைப் பெரிசு பண்ணிப் பார்த்துத்தான் கரைக்கக்கூடிய வகை ஃபில்லர் என்று டாக்டரம்மா தெரிந்துகொண்டார்கள்.

ஹயலூரோனிடேஸ் என்று ஒரு மருந்து. அதை நிறம் மாறிய இடம் முழுக்கப் போட்டார்கள். தேய்த்துவிட்டார்கள். வெதுவெதுப்பான ஒத்தடம் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தார்கள். நிறம் திரும்பவில்லை. மறுபடியும் போட்டார்கள். மூன்றாவது தடவைக்கு அப்புறம்தான் விரலை எடுத்ததும் சிவப்பு ஓடி வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நானும் என் நாத்தனாரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

அதுக்குள் மூக்கோரத்தில் கொஞ்சம் சதை செத்துவிட்டது. கொப்புளம் வந்து, கறுத்து, பொருக்குத் தட்டி, ஆற ரொம்ப நாள் ஆயிற்று. பச்சைப்பயறு அளவுக்கு ஒரு பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. "நேத்து சாயங்காலமே வந்திருந்தா இதுவும் இருந்திருக்காது" என்றார்கள் டாக்டரம்மா. திட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் காதில் கேட்கிறது.

ஃபில்லர் என்றால் என்ன?

அங்கே இருந்த நாலு நாளில் டாக்டரம்மா நான் கேட்டதுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

ஃபில்லர் என்பது தோலுக்கு அடியில் ஊசியால் வைக்கிற கூழ். ஒட்டிப்போன கன்னம், கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளம், மூக்கோரக் கோடு, உதடு, தாடை இவற்றை நிரப்பி மேடாக்குவதற்கு. போடாக்ஸ் என்பது வேறு. அது தசையைத் தளர்த்தி, சுருக்கம் விழாமல் செய்வது. ரெண்டையும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறோம்.

இன்றைக்கு அதிகமாகப் போடுவது ஹயலூரானிக் அமிலம் என்கிற வகை. அமிலம் என்ற பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் தோலிலும், மூட்டிலும், கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான் அது. அதைக் கெட்டிப்படுத்திக் கூழாக்கி வைக்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் தாங்கும், அப்புறம் உடம்பே கரைத்துவிடும். அமெரிக்காவில் இந்த வகைக்கு முதல் அனுமதி கிடைத்தது 2003-ம் வருஷம். அவசரமானால் நான் சொன்ன ஹயலூரோனிடேஸ் மருந்தால் இதைக் கரைக்கலாம். கண்புரை அறுவைக்கு மரத்துப்போகிற ஊசி போடும்போது, அந்த மருந்து நன்றாகப் பரவுவதற்காகக் கண் டாக்டர்கள் சேர்ப்பதும் இதே மருந்தைத்தான். அதுவும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அதனால் டாக்டர் கையில்தான் இருக்கணும்.

வேறு வகைகளும் உண்டு. சுண்ணாம்புச் சத்துத் துகள் கலந்தது, உள்ளே புதுக் கொலாஜன் வளரத் தூண்டுவது, கரையவே கரையாத பிளாஸ்டிக் மணி கலந்தது. இவற்றை ஹயலூரோனிடேஸ் கரைக்காது. திரவ சிலிக்கான் என்று ஒன்றை மலிவாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உள்ளே போனால் இடம் விட்டு இடம் நகரும், பல வருஷம் கழித்துக்கூட கட்டி கட்டியாகக் கிளம்பும், முழுசாக எடுக்கவும் முடியாது.

இந்த ஆசை இன்றைக்கு நேற்று வந்ததில்லை. 1899-லேயே வியன்னாவில் கெர்சூனி என்கிற டாக்டர் பாரஃபினை ஊசியால் உடம்புக்குள் செலுத்தினார். கொஞ்ச காலம் எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். அப்புறம் கட்டியும் புண்ணுமாக ஆகி, அதைக் கைவிட்டார்கள். உள்ளே வைக்கிற பொருள் என்ன, பின்னால் அதை எடுக்க முடியுமா என்று முதலில் கேட்கணும் என்பதற்காக இந்தப் பழங்கதையைச் சொல்கிறேன்.

ஃபில்லரே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நோயால் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்கும், பருத்தழும்பால் குழி விழுந்தவர்களுக்கும் அது உதவுகிறது. யாருக்கு எது வேண்டும் என்பது அவரவர் இஷ்டம். யார் போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

வாய்க்கால் அடைத்தால் வயல் காயும்

என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உங்க ஊர்ல விவசாயம் உண்டா?" என்றார்கள். "பெரியாறு வாய்க்காலு, கடைமடை" என்றேன். "அப்ப உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வாய்க்கால்ல ஒரு பொதி விழுந்து அடைச்சா கடைமடை வயல் என்ன ஆகும்? அதான் ஆச்சு. கூழு ரத்தக் குழாய்க்குள்ள போயிடுச்சு. அதுக்கு அங்கிட்டு இருக்கிற சதைக்குத் தண்ணி போகல" என்றார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். மூக்கு, ரெண்டு புருவத்துக்கு நடுவில், நெற்றி, மூக்கோரக் கோடு, இங்கே ஓடுகிற வாய்க்கால்களுக்கும் கண்ணுக்குப் போகிற வாய்க்காலுக்கும் தொடர்பு இருக்கிறது. ஊசியை அழுத்துகிற வேகத்தில் கூழ் எதிர்த்திசையில் போய்க் கண்ணின் குழாயை அடைத்தால் பார்வை அப்போதே போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. மூளைக்குப் போனால் பக்கவாதம். இது அடிக்கடி நடப்பதில்லை, அரிதுதான். நன்றாகப் படித்த டாக்டர் கையிலும் நடக்கலாம். ஆனால் அந்த டாக்டர் உடனே கண்டுபிடிப்பார், ஊசியை நிறுத்துவார், கரைக்கிற மருந்து பக்கத்திலேயே இருக்கும். ரெண்டு நாள் படித்தவளுக்கு வெளுத்துப்போனது எதுக்கு என்றே தெரியாது. நான் அந்தப் பயிற்சியை முடித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

எது சாதாரணம், எது ஆபத்து?

இந்தப் பகுதியை மட்டும் மலரிலிருந்து கிழித்து வைத்துக்கொண்டாலும் சரி.

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி, ரத்தக்கட்டு வருவது சாதாரணம். வீக்கம் சில நாளில் வடியும். ரத்தக்கட்டு ஒரு வாரம், பத்து நாளில் மறையும்.

ஆபத்தின் அடையாளம் இவை:

ஒன்று, போடும்போதோ போட்ட பிறகோ தோல் வெளுப்பது. ரெண்டு, வலை மாதிரி ஊதாவாகவோ நீலமாகவோ நிறம் மாறுவது. மூன்று, நேரம் ஆக ஆக ஏறுகிற வலி. ஃபில்லரோடு மரத்துப்போகிற மருந்து கலந்திருந்தால் வலி தாமதமாகத்தான் தெரியும், அதனால் வலி இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. நாலு, அந்த இடம் ஜில்லிட்டுப் போவது. அஞ்சு, விரலால் அழுத்தி எடுத்தால் ரெண்டு மூன்று எண்ணுவதற்குள் நிறம் திரும்பாமல் இருப்பது. ஆறு, கண் மங்குவது, பார்வை பாதி மறைவது, கண்வலி, இமை தொங்குவது, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, பேச்சுக் குழறுவது.

முதல் அஞ்சில் ஒன்று வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே, தோல் டாக்டரிடமோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகணும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ஆறாவதில் எது வந்தாலும் 108-க்குக் கூப்பிடுங்கள். கண் விஷயத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஐஸ் வைக்காதீர்கள், அது இருக்கிற ரத்த ஓட்டத்தையும் சுருக்கும். நான் சொன்ன வைத்தியம் அதுதான், தலைகீழான வைத்தியம்.

உதடு, நாக்கு வீங்கி மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. அதுக்கும் 108-தான்.

சில கோளாறுகள் மெதுவாக வரும். சூடு, சிவப்பு, சீழ், காய்ச்சல் என்றால் கிருமி போயிருக்கிறது. கண்ணுக்குக் கீழே மேலாகப் போட்டுவிட்டால் நீலம் பாரித்த மாதிரி தெரியும். வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட கட்டி கிளம்பலாம். அதைப் பிதுக்கக் கூடாது, பார்லரில் கொடுத்து மசாஜ் பண்ணவும் கூடாது. ஃபில்லர் போட்டவர்கள் உங்கள் கடைக்கு ஃபேஷியலுக்கு வந்தால், எப்போது போட்டது என்று கேட்காமல் முகத்தில் கை வைக்காதீர்கள். இது நம் பார்லர் சகோதரிகளுக்கு.

போட்டே ஆகணும் என்றால்

உங்கள் மகளோ மருமகளோ போடத்தான் போகிறேன் என்றால் திட்டாதீர்கள். திட்டினால் சொல்லாமல் போய்ப் போட்டுக்கொள்வார்கள். கூடப் போங்கள். போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

போடப்போவது டாக்டரா? தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா? மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன? சுவரில் தொங்குகிற தங்க முத்திரைச் சான்றிதழைப் பார்த்து ஏமாறாதீர்கள். நானே அதுக்கு 10,000 கட்டினவள். பதிவு பெறாதவர் வைத்தியம் பார்ப்பது நம் நாட்டில் சிறைத்தண்டனை வரைக்கும் போகிற குற்றம்.

மருந்துப் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா? பேர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கிறதா? போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு போட்டோ.

இது கரைக்கக்கூடிய வகையா? கரைக்கிற மருந்து இங்கேயே இருக்கிறதா? ராத்திரி ஏதாவது என்றால் எந்த நம்பருக்குக் கூப்பிடணும், எடுப்பீர்களா? இதுக்குப் பதில் வரவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், முகத்தில் புண்ணோ பழுத்த பருவோ இருப்பவர்கள் போடக் கூடாது. ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஒவ்வாமை உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிடணும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதற்கு அனுமதி கொடுக்கவில்லை.

ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒரு கருவியால் அடிக்கிறோம் என்று இப்போது வருகிறார்கள். ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே உதட்டில் அடித்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. ஊசி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. காற்று அழுத்தத்தால் கூழைத் தோலுக்குள் தள்ளுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அதை உபயோகிக்காதீர்கள் என்று 2021 அக்டோபரில் அதே துறை எச்சரிக்கை விட்டிருக்கிறது.

விலையையும் பாருங்கள். நல்ல ஃபில்லர் ஒரு மில்லிக்கே பல ஆயிரம் ஆகும். அதை 4,000-க்கு முழு முகத்துக்கும் போடுகிறேன் என்றால் உள்ளே போகிறது என்ன என்று யோசியுங்கள். சேலை மலிவாக வாங்கிச் சாயம் போனால் தூக்கிப் போடலாம். மூக்கை என்ன செய்வது?

நாங்கள் எடுத்த தீர்மானம்

அடுத்த குழுக் கூட்டத்தில் என் கடன் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றேன். பெரியம்மாவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும்தானே பேசினேன். அவர், "அத விடுத்தா, ஆடு குட்டி போட்டிருக்கு, சீம்பால் தாரேன், பிள்ளைக்குக் குடு" என்றார்.

முன்பணம் 10,000 வரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அதைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் நம் கூட்டமைப்பில் பார்லர் வைத்திருக்கிற சகோதரிகள் எல்லாரையும் தலைவி அக்கா கூட்டினார்கள். தீர்மானப் பதிவேட்டில் மூன்று தீர்மானம் எழுதினோம். நம் உறுப்பினர் நடத்தும் எந்தக் கடையிலும் தோலுக்குள் போகிற ஊசி, பேனா எதுவும் போடுவதில்லை. அதுக்காக யார் கேட்டாலும் கடன் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆபத்து அடையாளங்களும், 108, 104 எண்களும் எழுதின அட்டை மாட்டுவது. மூன்றும் ஏகமனதாக நிறைவேறியது. அட்டையில் எழுத்து பெரிசாக இருக்கணும், படமும் வேணும் என்று சொன்னது பெரியம்மாதான். "எனக்கும் புரியணும்ல" என்றார்.

வருமானம் குறைந்ததா என்று கேட்பீர்கள். அந்த 80,000 பதிலாகப் பின்னால் 30,000 கடன் வாங்கி, கல்யாண அலங்காரத்தோடு ஆரி வேலை ஜாக்கெட்டும் தைத்துக் கொடுக்கிறேன். ரெண்டு பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். இந்த முகூர்த்த மாதங்களில் ஓய்வில்லை.

கடைசியாகப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கல்யாணம் நாற்பது நாள் தள்ளிப்போயிற்று. நடந்தது. அலங்காரம் பண்ணினது நான்தான். வேறு ஆளை வைத்துக்கொள் என்றேன், என் கை நடுங்கும் என்று. "நீங்கதான் பண்ணணும் அத்தை" என்றாள். மேக்கப்பில் அந்தப் பள்ளத்தை மறைத்துவிடலாம், எனக்குத் தெரியாததா? கேட்டேன். அவள் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேண்டாம் அத்தை. அவருக்குத் தெரியும். போட்டோலயும் இருக்கட்டும்" என்றாள். மாப்பிள்ளைப் பையன் என்னிடம் தனியாக, "இந்த மூக்கைப் பாத்துத்தானே அத்தை சம்மதம் சொன்னேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான்.

அதனால் சகோதரிகளே, ஒரு பெண்ணைப் பார்த்து, "மூக்கு சப்பை, கன்னம் ஒட்டி, நிறம் கம்மி" என்று போகிற போக்கில் சொல்கிற பழக்கத்தை நாம் முதலில் விடுவோம். அதைச் சொல்வதில் நாம்தான் அதிகம். பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில் நாம் விடுகிற ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளை தன் முகத்தைக் கொண்டுபோய் யாரோ ஒருத்தர் கையில் கொடுக்கிறாள். என் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இப்போது முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: "யாரும்மா உன்னை என்ன சொன்னாங்க?" பாதிப் பேருக்கு அங்கேயே கண் கலங்கிவிடுகிறது. டீ வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்புகிறேன். அதுக்குக் காசு வாங்குவதில்லை.